செரித்துவிட்டுத் தின்பவை

குடும்பத் தலைவி, கும்பகோணம்: ஊறுகாய் ஜாடியில் பூஞ்சணம் பூத்தால் அப்படியே கொட்டிவிடுகிறோம். அதை வளர்க்கத் தொழிற்சாலையே கட்டுகிறார்களாமே, எதற்கு?

அதற்கு வாயும் வயிறும் இல்லை என்பதற்காக! நாம் தின்றுவிட்டுச் செரிக்கிறோம். பூஞ்சை செரித்துவிட்டுத் தின்கிறது. படர்ந்த இடத்தில் நொதிகளைக் கசியவிடும். அங்கிருப்பது கரைந்து சர்க்கரையானதும் தன் இழைகள் வழியே உறிஞ்சிக்கொள்ளும். செரிமானச் சாறு முழுக்க உடலுக்கு வெளியிலேயே கிடப்பதால் நமக்கு வேலை சுலபம். தொட்டியில் வளர்த்து, பூஞ்சையை வடிகட்டிவிட்டால் மிஞ்சும் திரவம்தான் சரக்கு. வைக்கோல், சக்கை, மரத்தூள் என்று நாம் ஒதுக்குவதையெல்லாம் சாப்பாடாகப் பார்க்கும் உயிர் அது. ஊறுகாயை மட்டும் தயங்காமல் கொட்டுங்கள். எந்தப் பூஞ்சை நஞ்சு சுரக்கும், எது சுரக்காது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

முன்னாள் ராணுவ வீரர், வேலூர்: இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியதே ராணுவம்தான் என்கிறான் பேரன். உண்மையா?

பேரன் சரியாகத்தான் சொல்கிறான். இரண்டாம் உலகப் போரில் தென் பசிபிக் தீவுகளில் இறங்கிய அமெரிக்கப் படைக்கு ஜப்பானியரைத் தவிர இன்னோர் எதிரியும் இருந்தது. கூடாரம், பை, பெல்ட், சீருடை என்று பருத்தியில் செய்த எதுவும் அந்த மழைக்கும் புழுக்கத்துக்கும் தாங்கவில்லை. கையோடு கிழிந்து வந்தது. பருத்தி ஏறக்குறைய சுத்தமான செல்லுலோஸ். அதைப் பூஞ்சைகள் தின்றுகொண்டிருந்தன. படைக்குத் தளவாடம் வழங்கும் குவார்ட்டர்மாஸ்டர் பிரிவு, இற்றுப்போன துணிகளிலிருந்து பூஞ்சைகளைச் சேகரித்து ஆராயத் தொடங்கியது. சாலமன் தீவுக்கூட்டத்தில் உள்ள பூகன்வில் தீவில், ஒரு பருத்திக் கூடாரத்தில் கிடைத்த பூஞ்சைக்கு ‘க்யூஎம் 6ஏ’ என்று எண் கொடுத்தார்கள்.

அப்போது நோக்கம் துணியைக் காப்பாற்றுவது மட்டுமே. எல்வின் ரீஸும் மேரி மாண்டல்ஸும் மாசசூசெட்ஸில் உள்ள நேட்டிக் ராணுவ ஆய்வகத்தில் அந்த நோக்கத்தையே தலைகீழாகப் புரட்டினார்கள். துணியை இவ்வளவு வேகமாகக் கரைக்கிறதே, பழைய செய்தித்தாளையும் பயிர்க்கழிவையும் சர்க்கரையாக்கித் தராதா? 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அந்தக் கேள்விக்குத் திடீரென்று மவுசு கூடியது. டிரைக்கோடெர்மா விரிடி என்று அதுவரை நினைத்திருந்த அந்தப் பூஞ்சை, தனி இனம் என்று பிறகு தெரிந்தது. 1977-ல் ரீஸின் பெயரையே சூட்டி அதை டிரைக்கோடெர்மா ரீசி ஆக்கினார்கள். படையின் உடைமைகளை நாசமாக்கிய ஓர் உயிருக்கு, அதைப் புரிந்துகொள்ளவே உழைத்தவரின் பெயர். எனக்குப் பிடித்த பெயர்சூட்டல்களில் இது ஒன்று.

பி.எஸ்சி. மாணவர், வேலூர்: அப்படியானால் இன்று தொழிற்சாலைகளில் இருப்பது அந்த ஒரே கூடாரத்துப் பூஞ்சையின் வாரிசா?

அந்தப் பேரன் நீங்கள்தான் என்று நினைக்கிறேன்! ஆமாம், தொழிலில் இருக்கும் டிரைக்கோடெர்மா ரீசி வகைகள் எல்லாமே அந்த ஒன்றின் வழித்தோன்றல்கள். ஆனால் காட்டில் இருந்த குணம் அப்படியே இருந்தால் தொழிலுக்கு உதவாது. அருகில் சர்க்கரை இருந்தால் பூஞ்சை நொதி சுரப்பதை நிறுத்திவிடும். சாப்பாடு தயாராக இருக்கும்போது அது ஏன் மெனக்கெட வேண்டும்? அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மாண்டெனகோர்ட், எவ்லீ ஆகியோர் புற ஊதாக் கதிராலும் ரசாயனத்தாலும் திரும்பத் திரும்ப மரபு மாற்றம் உண்டாக்கி, அந்தக் கட்டுப்பாடு தளர்ந்த ஒரு வகையைப் பிரித்தெடுத்தார்கள். 1979-ல் வெளியான அந்த ‘ரட் சி30’ இன்றும் ஆய்வகங்களில் உலவுகிறது. அதன் வழியில் வந்த தொழில் வகைகள் ஒரு லிட்டர் திரவத்தில் 100 கிராமுக்கும் மேல் புரதத்தைச் சுரக்கின்றன.

இதில் வியப்பு ஒன்று உண்டு. 2008-ல் டிரைக்கோடெர்மா ரீசியின் மரபணுத் தொகுதியை முழுக்கப் படித்தபோது, செல்லுலோஸை வெட்டும் நொதிகளுக்கான மரபணுக்கள் மற்ற பூஞ்சைகளைவிடக் குறைவாகவே இருந்தன. கருவிகள் சில, சுரக்கும் திறன் அபாரம்.

முதுகலை மாணவி, திருச்சி: செல்லுலேஸ் என்பது ஒரே நொதியா, பலவா? எப்படி வெட்டுகிறது?

ஒரு கூட்டணி. செல்லுலோஸ் என்பது ஆயிரக்கணக்கான குளூக்கோஸ் மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்த இழை. அப்படிப் பல இழைகள் நெருங்கிப் படிகமாக இறுகிக் கிடக்கும். எண்டோகுளூக்கனேஸ் இழையின் நடுவில் எங்காவது வெட்டிப் புது முனைகளை உண்டாக்கும். செல்லோபயோஹைட்ரோலேஸ் ஒரு முனையைப் பிடித்து, தன் உடலில் உள்ள சுரங்கப் பாதைக்குள் இழையை நுழைத்து, நகர்ந்துகொண்டே இரண்டிரண்டு குளூக்கோஸாக நறுக்கும். அந்த ஜோடிகளைத் தனித்தனியாகப் பிரிப்பது பீட்டா-குளூக்கோசிடேஸ். மூன்றாவது ஆள் தாமதித்தால் ஜோடிகள் குவிந்து இரண்டாவது ஆளின் வேலையை முடக்கிவிடும். டிரைக்கோடெர்மா ரீசிக்கு இந்த மூன்றாவது நொதியில்தான் பற்றாக்குறை. ஆகவே ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்னும் கறுப்புப் பூஞ்சையிடமிருந்து அதை எடுத்துச் சேர்ப்பது வழக்கம்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கியோஹிகோ இகராஷி குழு, இந்த நொதிகள் செல்லுலோஸ் மேல் ஊர்ந்து போவதை அதிவேக அணுவிசை நுண்ணோக்கியில் படமாகவே பிடித்தது. நொடிக்குச் சில நானோமீட்டர்தான் வேகம். முன்னால் போவது ஏதாவது தடையில் முட்டி நின்றால், பின்னால் வருபவையும் வரிசையாக நின்றுவிடுகின்றன. 2011-ல் வந்த அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘போக்குவரத்து நெரிசல்’ இருக்கிறது. நொதியை மேலும் மேலும் கொட்டினால் மட்டும் வேகம் கூடாது என்பதை நேரில் காட்டிய படம் அது.

2010, 2011 ஆண்டுகளில் கூட்டணிக்குப் புது உறுப்பினர் ஒருவரும் சேர்ந்தார். செம்பைத் தாங்கி நின்று, ஆக்சிஜனேற்றத்தால் படிகத்தின் இறுகிய முகத்தையே வெடிக்கச் செய்யும் நொதி. பூஞ்சைகளில் அது முன்பே தெரிந்ததுதான். வலுவில்லாத எண்டோகுளூக்கனேஸ் என்று தவறாக வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். செல்லுலேஸ் பற்றிய பழைய பாடப்புத்தகத்தை மட்டும் படித்துத் தேர்வுக்குப் போகாதீர்கள்.

அதே மாணவி: செல்லுலேஸின் திறனை எதை வைத்து அளக்கிறார்கள்?

வடிகட்டித் தாளை வைத்து. ஆறு சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலம், 50 மில்லிகிராம் எடையில் வாட்மன் எண் 1 தாளின் ஒரு துண்டு. நொதிக் கரைசலில் 50 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, எவ்வளவு சர்க்கரை பிறந்தது என்று பார்ப்பார்கள். உலகம் முழுக்கப் பின்பற்றும் இந்த அளவுமுறையை 1987-ல் முறைப்படுத்தி வெளியிட்டவர் டெல்லி ஐ.ஐ.டி.யின் தருண் கோஷ். உங்கள் துறை ஆய்வகத்தில் இந்தச் சோதனை நடக்கும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்: வாழைப்பழத் தோல் ஒரு வாரத்தில் மக்குகிறது. மரக்கட்டை ஏன் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது?

லிக்னின்தான் காரணம். தாவரச் சுவரில் செல்லுலோஸ் கம்பி என்றால், கம்பியைச் சுற்றிக் கொட்டி இறுக்கிய கான்கிரீட் லிக்னின். செல்லுலோஸ் ஒழுங்கான சங்கிலி. ஒரே மாதிரி வெட்டினால் போதும். லிக்னினிலோ பிணைப்புகள் பல விதம், அடுக்கில் ஒழுங்கே கிடையாது. அதற்குள் நுழைய வெட்டும் நொதி போதாது, எரிக்கும் நொதி வேண்டும். வெண்அழுகல் பூஞ்சைகள் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரந்து, அதைக்கொண்டு லிக்னினை ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கின்றன. இதைச் செய்யும் லிக்னின் பெராக்சிடேஸை 1983-ல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. விறகில் வெளுத்து, நார்நாராக உரியும் அழுகலைப் பார்த்திருப்பாய். அது இவர்கள் வேலை. கட்டை பழுப்பாகிக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தால் அது வேறு கூட்டம்; லிக்னினை ஓரளவு மாற்றி ஓரமாக விட்டுவிட்டு செல்லுலோஸை மட்டும் உருவித் தின்னும்.

லிக்னினைச் சிதைக்கும் இந்தத் திறன் சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்தது என்று 2012-ல் ஒரு பெரிய மரபணு ஆய்வு கணக்கிட்டது. அதற்கு முன் மரங்களை மக்கவைக்க யாரும் இல்லாததால்தான் நிலக்கரி குவிந்தது என்று சிலர் எழுதினார்கள். கேட்க அழகான கதை. ஆனால் 2016-ல் வந்த இன்னோர் ஆய்வு அதை மறுத்தது: நிலம் தாழ்ந்துகொண்டே போன சதுப்புப் படுகைகளும் ஈரமான தட்பவெப்பமும் போதும், பூஞ்சை தாமதமாக வந்ததைக் காரணம் காட்டத் தேவையில்லை என்றது. இரண்டாவது பக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது.

சாயப்பட்டறைத் தொழிலாளி, திருப்பூர்: எங்கள் ஊரில் இது எதற்காவது பயன்படுகிறதா?

தினமும் உங்கள் கையிலேயே ஓடுகிறது. டி-ஷர்ட்டுக்கு ‘பயோ வாஷ்’ செய்கிறீர்களே, அதில் ஊற்றுவது செல்லுலேஸ்தான். துணி மேல் துருத்தி நிற்கும் நுண்ணிய பருத்தி இழைகளை அது அரித்துவிடும்; துணி வழவழப்பாகும், அணிய அணிய உருண்டை கட்டாது. நேரம் கடந்து விட்டால் துணியின் பலத்தையே தின்றுவிடும். அதனால்தான் முடிவில் சூட்டை ஏற்றியோ காரத்தைச் சேர்த்தோ நொதியைச் செயலிழக்கச் செய்கிறீர்கள். பூகன்வில் தீவில் கூடாரத்தைக் கிழித்த அதே வேலை, உங்களிடம் அளவோடு நடக்கிறது.

கயிறு ஆலை உரிமையாளர், பொள்ளாச்சி: தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்த பிறகு மலைபோல் தூள் மிஞ்சுகிறது. பூஞ்சையை விட்டால் தீருமா?

தீரும். இதற்கு நீங்கள் நொதி வாங்கவே வேண்டாம்; பூஞ்சையையே வேலைக்கு வையுங்கள். நார்த்தூளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லிக்னின். அதனால்தான் மழையில் கிடந்தாலும் ஆண்டுக்கணக்கில் மக்காமல், பழுப்புத் தண்ணீரைக் கசியவிட்டு அக்கம்பக்கத்துக் கிணற்றைக் கெடுக்கிறது. பச்சையாக வயலில் போட்டாலும் வம்புதான். கரிமம் மிகுதி, தழைச்சத்து சொற்பம். மண்ணில் உள்ள தழைச்சத்தையும் நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ள, பயிர் மஞ்சளிக்கும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் பல காலமாகச் சொல்லிவரும் முறை இது. ஒரு டன் தூளுக்குச் சிப்பிக்காளான் வித்து ஐந்து புட்டி, யூரியா ஐந்து கிலோ. நிழலான இடத்தில் நூறு கிலோ தூளைப் பரப்பி ஒரு புட்டி வித்தைத் தூவுங்கள். அதன் மேல் இன்னொரு நூறு கிலோ, அதற்கு ஒரு கிலோ யூரியா. இப்படி மாற்றி மாற்றி ஒரு டன் வரை அடுக்கி, பிழிந்தால் கையில் கசிகிற ஈரம் எப்போதும் இருக்கும்படி தண்ணீர் தெளித்து வாருங்கள். ஏறக்குறைய 60 நாளில் தூள் கறுத்து, மண்வாசம் வரும். 112-க்கு 1 என்று இருந்த கரிம-தழைச்சத்து விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்குகிறது. சிப்பிக்காளான் வெண்அழுகல் கூட்டத்தைச் சேர்ந்தது. லிக்னினை உடைக்கத் தெரிந்தது. அதனால்தான் வித்தை அதிலிருந்து எடுக்கிறோம். ஈரத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். காய்ந்த இழை சுரக்காது.

விவசாயி, பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்: வைக்கோலிலிருந்து பெட்ரோல் எடுக்கிறார்களாமே? விலை கிடைக்குமா?

பெட்ரோலில் கலக்கும் எத்தனால். ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஓர் ஆலை அமைத்தது. 2022 ஆகஸ்டில் திறந்தார்கள். ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலை எடுத்து 3 கோடி லிட்டர் எத்தனால் தருவது திட்டம். வைக்கோலை நீராவியிலும் அமிலத்திலும் பதப்படுத்தி, செல்லுலேஸால் சர்க்கரையாக்கி, ஈஸ்ட்டைக் கொண்டு புளிக்கவைக்கிறார்கள்.

உங்களுக்கு நம்பிக்கை தரும் வார்த்தைகளை மட்டும் சொல்ல மனம் வரவில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மக்காச்சோளத் தட்டையிலிருந்து எத்தனால் எடுக்க டுபான்ட் நிறுவனம் 2015-ல் திறந்த பெரிய ஆலை, 2017-லேயே மூடப்பட்டது. இத்தாலியின் கிரெஷெந்தினோவில் 2013-ல் திறந்த ஆலையும் 2017-ல் நின்று, கைமாறி, 2022-ல்தான் மீண்டும் ஓடியது. 2022-க்குள் ஆண்டுக்கு 1,600 கோடி கேலன் செல்லுலோஸ் எரிபொருள் என்று அமெரிக்கா 2007-ல் சட்டமே போட்டது. கிடைத்தது அதில் சிறு துளி. வேதியியல் தோற்கவில்லை. வைக்கோல் கனமில்லாமல் இடத்தை அடைக்கும் சரக்கு. சில வாரங்களில் மொத்தமும் வந்துவிடும். ஆண்டு முழுக்க நனையாமல், தீப்பிடிக்காமல் வைத்திருக்க வேண்டும். அதில் உள்ள சிலிக்காவும் மண்ணும் எந்திரத்தைத் தேய்க்கும். ஸ்டார்ச்சைக் கரைக்க வேண்டிய நொதியைவிடச் செல்லுலோஸுக்குப் பல மடங்கு நொதி வேண்டும். ஆலை உங்கள் வயலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும்.

டெல்டாவில் வைக்கோல் கழிவே அல்ல. மாட்டுக்குப் போக மிஞ்சினால் சிப்பிக்காளானுக்குக் கொடுங்கள். அங்கே அதே நொதி வேலை, அமிலம் இல்லாமல், ஒரு பாலித்தீன் பைக்குள் நடக்கிறது. அறுப்பது எரிபொருள் அல்ல, காய்கறிக் கடையில் விற்கும் உணவு.

மென்பொருள் ஊழியர், டெல்லி: ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் மூச்சு முட்டுகிறது. ‘பூசா டீகம்போசர்’ மாத்திரை தெளித்தால் பஞ்சாபில் தாளடியை எரிக்க வேண்டியதில்லை என்றார்களே?

இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் தயாரிப்பு அது. மாத்திரைக்குள் பூஞ்சை வித்துகள். வெல்லமும் கடலை மாவும் கரைத்த நீரில் சில நாள் பெருக்கித் தெளிப்பார்கள். தாளடி மக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். பூஞ்சை தன் வேலையைச் செய்கிறது. காலண்டர்தான் இடம் கொடுப்பதில்லை. நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் பஞ்சாப் சட்டம் போட்டு நெல் நடவை ஜூனுக்குத் தள்ளியது, அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க இடையில் இரண்டு மூன்று வாரம்தான். தெளிக்க ஆள், ஈரம், உழவு எல்லாம் அதற்குள் நடக்க வேண்டும். எனவே விவசாயியைக் குற்றவாளி ஆக்காதீர்கள். முன்கூட்டியே முதிரும் நெல் ரகத்தையும் அறுத்த தாளுக்குள்ளேயே கோதுமை விதைக்கும் எந்திரத்தையும் கொடுத்துவிட்டு அப்புறம் பூஞ்சையிடம் கேளுங்கள்.

பால் விவசாயி, ஈரோடு: என் மாடு வைக்கோலைத் தின்று பாலாக்குகிறது. அதற்கும் பூஞ்சை தேவையா?

தேவை. முதல் இரைப்பையில் பாக்டீரியாக்களோடு, ஆக்சிஜனே இல்லாமல் வாழும் பூஞ்சைகளும் உண்டு. நீந்தும் சிறு உயிர்களைப் பார்த்து ஒருசெல் விலங்குகள் என்று எண்ணியிருந்தார்கள். அவை பூஞ்சையின் நீந்தும் வித்துகள் என்று ஆட்டின் இரைப்பையை ஆராய்ந்த காலின் ஆர்பின் 1975-ல் சொன்னார். பூஞ்சை என்றாலே காற்று வேண்டும் என்று நம்பிய காலம். ஏற்கவைக்க அவர் போராட வேண்டியிருந்தது. அந்தப் பூஞ்சை இழை வைக்கோல் தண்டைத் துளைத்துப் பிளந்து கொடுப்பதால்தான் பாக்டீரியா உள்ளே புக முடிகிறது.

பழங்குடி நல ஆசிரியர், கூடலூர்: மழை முடிந்ததும் புற்றில் காளான் முளைக்கிறதே, எப்படி?

கரையானின் தோட்டம் அது. மண்ணுக்கடியில், தான் மென்ற மரத்தூளில் கரையான் அந்தப் பூஞ்சையை வளர்க்கிறது. பூஞ்சை லிக்னினைத் தளர்த்தித் தர, கரையான் அதைத் தின்கிறது. கோடிக்கணக்கான ஆண்டு விவசாயம். பறிக்கும்போது புற்றைக் கிளறாமல் விட்டால், அடுத்த மழைக்கும் முளைக்கும்.

இல்லத்தரசி, மதுரை: ஆரஞ்சுத் தோல், வெல்லம், தண்ணீர் போட்டு மூன்று மாதம் வைத்து ‘பயோ என்சைம்’ செய்கிறேன். இதுவும் அதுவும் ஒன்றா?

பெயர் மட்டும் ஒன்று. உங்கள் பாட்டிலில் நடப்பது ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் செய்யும் புளிப்பு. தரை பளபளப்பது பெரும்பாலும் அதில் உண்டாகும் அமிலத்தால். தோலை வீணாக்காமல் இருக்கிறீர்கள், அது நல்லதுதான். உண்மையான நொதியைப் பூஞ்சையிடம் எடுத்து விற்கும் வழியை முதலில் காட்டியவர்களில் ஒருவர் ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே. கோதுமைத் தவிட்டில் கோஜிப் பூஞ்சையை வளர்த்து, ஸ்டார்ச்சைச் செரிக்கும் நொதியை எடுத்து, 1894-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவர் வளர்த்தது தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்த, உணவுக்குப் பழகிய வகை. தவிட்டில் தானாக முளைப்பதை வைத்து நீங்கள் முயலாதீர்கள். கோஜியின் நெருங்கிய உறவு ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ், கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சினைச் சுரப்பது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

மஞ்சள் விவசாயி, கோபிசெட்டிபாளையம்: வேரழுகலுக்கு வாங்கிய டிரைக்கோடெர்மா விரிடி பாக்கெட் மிச்சம் இருக்கிறது. அதைத் தோகை, சருகு மக்கவைக்கப் போடலாமா?

போடலாம். கூடாரத்துப் பூஞ்சையின் பங்காளி அது. செல்லுலோஸ் வெட்டத் தெரியும். லிக்னினில் சிப்பிக்காளானுக்கு ஈடாகாது. ஆகவே மஞ்சள் தழை, சருகு, காய்கறிக் கழிவுக்கு அது சரி. கட்டை, மட்டை, நார்த்தூளுக்குக் காளான் வித்தே போடுங்கள். பாக்கெட்டின் பின்பக்கம் காலாவதித் தேதியைப் பாருங்கள், உள்ளே இருப்பது உயிர். வெயிலில் வைத்திருந்தால் பாதி செத்திருக்கும். தொழுவுரத்தில் கலந்து நிழலில் ஈரமாக ஒரு வாரம் வைத்துப் பெருக்கிவிட்டுக் குவியலில் சேருங்கள். பூஞ்சாணக்கொல்லி அடித்த கழிவு என்றால் அந்தக் குவியலில் போட வேண்டாம். போட்ட பாக்கெட் வீண்.